புரட்டாசி வருது, இலையில் சோறு எவ்வளவு?



இன்னும் இரண்டு வாரத்தில் புரட்டாசி பிறக்குது. தெலுக் பங்லிமா காராங்கில் நம்ம கோவிலுக்கு வருகிறவங்க நிறைய பேர் அந்த மாதம் முழுக்க சைவம். சனிக்கிழமை அன்னதானத்துக்கு இலை போட்டுப் பரிமாறும் நாங்கள் இந்த வருஷம் முன்கூட்டியே ஒன்று பேசணும்னு நினைச்சோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. வீட்டில் இனிப்பு நீர் உள்ளவங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

"கோழி, மீன் எல்லாம் நிறுத்தியாச்சு, எப்படியும் எடை குறையும்" என்றுதான் எல்லாரும் சொல்றோம். மாதம் முடிஞ்சு கிளினிக்கில் ஏறி நின்றா, சிலருக்கு எடை கூடியிருக்கு, இரத்தத்தில் சீனியும் கூடியிருக்கு. கோழி இருந்த இடத்துக்கு என்ன வந்தது என்று இலையைப் பார்த்தால் தெரியும். உருளைக்கிழங்கு பிரட்டல், மீகூன், அப்பளம், பாயாசம், அதுக்கு மேல இன்னொரு கரண்டி சோறு. போனது புரதம், வந்தது மாவுச்சத்து.

இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூணு பேர். எங்களோடு பல வருஷமா வாளி தூக்கிய ஒரு அண்ணன் போன வருஷம் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டு வந்தார். இப்போ நாற்காலியில் உட்கார்ந்து இலை துடைத்துக் கொடுக்கிறார். பாயாசம் பக்கம்கூட போகாதவர் அவர். "நான் சீனியே தொடுறதில்லையே தம்பி" என்று இன்னமும் சொல்வார்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் கணக்கைத் தவற விடுறோம். சீனி மட்டுமா சீனி? சோறு, தோசை, சப்பாத்தி எல்லாமே வயிற்றில் குளுக்கோஸாகத்தான் மாறுது. நம் நாட்டு உணவியல் நிபுணர்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுறாங்க. ஒரு இட்லி ஒரு பங்கு. 20 சென்டிமீட்டர் அகலத் தோசை இரண்டு பங்கு. அதே அகலத்தில் கடையில் சுடும் சப்பாத்தி ஒன்று மூணு பங்கு! வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. பந்தியில் தாராளமா போட்டால் 300 கிராம் வரும், கிட்டத்தட்ட ஆறு பங்கு. இப்போ சொல்லுங்க, "ராத்திரி சோறு விட்டுட்டேன், ரெண்டு சப்பாத்திதான்" என்றால் அதுவும் ஆறு பங்குதானே?

பாஸ்மதி, கேழ்வரகு, ஆத்தா மாவு என்று மாற்றுவதில் நன்மை இருக்கு, இல்லை என்று சொல்லலை. நார்ச்சத்து கிடைக்கும், சீனி கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனா அளவைக் குறைக்காமல் வகையை மட்டும் மாற்றினால் போதாது. இந்தியாவில் 2025-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வும், சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்தியது, இதைத்தான் காட்டியது. அங்கே மக்கள் சாப்பிடும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருது. வெள்ளை அரிசிக்குப் பதிலா கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியலை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் மாதிரி புரதத்தை வைத்தபோது குறைந்தது.

சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செபாரோ" தட்டும் அதே கணக்குதான். (நம்ம சுக்கு இல்லை லா, மலாயில் கால் பாகம்.) கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், பாதித் தட்டு காய்கறி பழம். சைவத்தில் அந்தப் புரதக் கால் பாகத்தை நிரப்பத்தான் யோசிக்கணும். பருப்பு, கொண்டைக்கடலை, டோஃபு, தெம்பே, மோர் இருக்கு. சைவக் கோழி, சைவ மீன் வாங்கினால் பொட்டலத்தின் பின்பக்கம் படிங்க. சிலது வெறும் மாவு. முதலில் காயும் பருப்பும் சாப்பிட்டு, கடைசியா சோற்றுக்கு வந்தால் சீனி ஏறும் வேகமும் குறையும்.

எடை குறைந்தால் என்ன பலன் என்று கேட்கிறவங்களுக்கு: பிரிட்டனில் 2017-இல் வந்த ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்து, 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் நோய் கட்டுப்பட்ட நிலைக்கு வந்தாங்க. ஆனா அதெல்லாம் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்றோம். கிளிக்ளசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, டாக்டரிடம் கேட்காமல் திடீர்னு சோற்றை வெட்டாதீங்க, பட்டினி விரதமும் இருக்காதீங்க. மருந்து தன் வேலையைச் செய்யும், சாப்பாடு இருக்காது. சீனி இறங்கிக் கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும். அப்படி யாராவது வரிசையில் நின்றால் உடனே எங்களைக் கூப்பிடுங்க. மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999-ஐ அழைக்கணும்.

"சாமி பிரசாதத்தை வேணாம்னு சொல்லலாமா?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. கேசரி ஒரு விரல் நுனி அளவு வாயில் போட்டாலும் பிரசாதம்தான் அம்மா. கிண்ணம் நிறைய இருந்தால் அது பசியாறல்.

இந்தப் புரட்டாசிக்கு நாங்கள் செய்யப் போவது: சோற்றுக்குச் சின்னக் கரண்டி, கேட்டால் மட்டும் இரண்டாவது தடவை. கேசரிக்குப் பதில் கடலைச் சுண்டல். இலையில் முதலில் இரண்டு காய், பிறகுதான் சோறு. தே தாரிக் கிடையாது, தே ஓ மட்டும், சீனி தனியா. "போதும்" என்று கை காட்டினால் நாங்கள் வற்புறுத்த மாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரங்களும் விட்டுடுங்க.

முதல் சனிக்கு வெள்ளரி, முட்டைகோஸ், பயற்றங்காய் தேவைப்படுது. கொடுக்க விரும்புறவங்க வியாழன் சாயங்காலத்துக்குள் கோவில் சமையலறையில் சொல்லிடுங்க. காய் நறுக்க சனி காலை ஆறு மணிக்கு ஆள் வேணும், கத்தி நீங்களே கொண்டு வந்தால் நல்லது 🙏