கட்டை எண்ணிப் போகும் வழி

திருகோணமலைக்காரருக்குத் தூரம் என்றால் கட்டை, அதாவது மைல்கல். மைல்கற்கள் போய்க் கிலோமீற்றர் வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் பஸ் நடத்துநர் இன்னும் ‘மூன்றாம் கட்டை’, ‘ஆறாம் கட்டை’ என்றுதான் கூப்பிடுகிறார். நகரை விட்டு, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே புல்மோட்டை வரை போகும் இந்த வீதி ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் கடந்த பிறகு வருகிறது குச்சவெளி. நான் பார்க்கக் கிளம்பியது அந்த ஊரைத்தான். ஆனால் வீதியைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல வழியில்லை.

முதலில் உப்புவெளி. வீதியோரத்திலேயே இரண்டாம் உலகப்போர்ச் சவக்காலை. புல் ஒரே அளவாக வெட்டப்பட்டு, கற்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தாண்டு போயிற்று. அடுத்தது நிலாவெளி. உப்பு ஓர் ஊரின் பெயரில் இருக்க, உப்பளம் இந்த ஊரில் இருக்கிறது! ஹோட்டல்களும் புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களும் நிறைந்த இடம். தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் இதற்கு மேல் போவதில்லை.

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் வீதியின் குணம் மாறுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே வீட்டு முற்றம் அகலத்துக்கு மணல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி ஏறிய கரை இது. முன்பு இங்கே கழிமுகத்துக்குக் கழிமுகம் வழி அறுந்து போகும். கிழக்கு மாகாணத்தில் வாகனம் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவைக்கும் ‘பாதை’ என்றுதான் பெயர். பாதை இந்தக் கரையில் இருந்தால் பாதை உண்டு, அந்தக் கரையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். சொல்லில் இருக்கும் இந்தச் சிலேடையை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வாழ்க்கை அப்படி இருந்தது. இந்த வீதியில் இப்போது எல்லாம் பாலம்.

கும்புறுபிட்டியில் இறங்கினேன், வெங்காயத்துக்காக. வெண்மணலில் பாத்தி கட்டி, தண்ணீர் இறைத்து, சின்ன வெங்காயம் போடுகிறார்கள். பிடுங்கியதைத் தாளோடு முடிந்து கட்டுக்கட்டாகக் கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் கண் கரிக்கிறது. ஒரு கிலோ கேட்டேன். அந்த அம்மா சிரித்தா. “ஈரத்தில நிறுத்தா எங்களுக்கு லாபம், காஞ்சாப் பிறகு நிறுத்தா உங்களுக்கு லாபம். எது வேணும் தம்பி?” காய்ந்ததையே வாங்கினேன். லொறிக்காரர் வந்தால் அவரிடம் இந்தக் கேள்வி எடுபடாது; விலை தம்புள்ளையில் முடிவாகி வருகிறது.

குச்சவெளி ஓர் அமைதியான ஊர். ஊரைவிட அதன் பெயர் பெரியது: நிலாவெளியும் திரியாயும் புல்மோட்டையும் சேர்ந்த பிரதேசச் செயலாளர் பிரிவு முழுவதும் இந்தப் பெயரில்தான் இருக்கிறது. முன்பு இப்பகுதி கட்டுக்குளம்பற்று. இப்படி ஒரு பகுதிக்கே பெயர் தரும் சிற்றூரைப் பார்க்கும்போது எனக்கு ஸ்கொட்லாந்தின் சிறு சந்தை நகரங்கள் நினைவுக்கு வருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் ஊர்களுக்குச் சாசனம் கொடுத்து வணிக உரிமை வழங்கினார். அப்படியான ஊர்களின் நடுவே சந்தைக்கு அடையாளமாக ஒரு கல்தூண் நிற்கும். குச்சவெளிக்கு அப்படிச் சாசனம் கொடுத்த அரசன் யாருமில்லை. சந்தை என்பது லொறி நிற்கும் இடம். ஆனால் கல் இருக்கிறது.

கடலுக்குள் மூக்கு நீட்டிய பாறை அது. அருகே ஆங்கிலேயர் காலத்தில் வாடிவீடு இருந்தது. மாட்டு வண்டியில் திருகோணமலையிலிருந்து கிளம்பினால் இருட்டுமுன் வந்து சேரக்கூடிய தூரம். இங்கே தங்காமல் வேறெங்கே தங்குவது? பாறையில் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு பௌத்தத் தாதுகோபமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் சமஸ்கிருதத்தில் சில வரிகள். படித்து வெளியிட்டவர் தொல்லியலாளர் பரணவிதான. உப்புக்காற்று தின்றது போக மிஞ்சியதைக் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் காணலாம். உச்சிப் பொழுதில் போனவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புவார்; நானும் முதல் தடவை அப்படித்தான்.

இதைப் போன்ற இன்னொரு பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு திரியாயில், பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது. திரபுஸ்ஸக, வல்லிக என்ற வணிகர் பெயர்களை அது சொல்கிறது. கடலோடி வந்த அந்த வணிகர்கள் மலையுச்சியில் ஒரு பௌத்த சேத்தியத்தை எழுப்பினார்கள். பிறகு காடு மூடியது. கீழே தமிழ் விவசாயிகளின் திரியாய். 1985இல் அந்த ஊர் எரிந்தது, சனம் அகதியானது. பல வருடங்கள் கழித்துத் திரும்பியவர்கள் வயலைத் தேடியபோது தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் முளைத்திருந்தது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கல்லைப் பாதுகாப்பதில் யாருக்கும் சண்டையில்லை. கல்லைச் சுற்றியுள்ள நிலம் யாருக்கு என்பதில்தான் எல்லாச் சண்டையும். பழங்கால வணிகரைப் பற்றிப் பொறித்த வரி, இன்றைய விவசாயியின் காணி உறுதிக்கு எதிர்ச் சாட்சியாக எப்படி நிற்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

புடவைக்கட்டில் யான் ஓயா கடலில் விழுகிறது. அதைத் தாண்டி அரிசிமலை, பிறகு புல்மோட்டை. இங்கே மணல் கறுப்பு. உள்ளங்கையில் அள்ளினால் சாதாரண மணலைவிட இரண்டு மடங்கு கனக்கிறது போலிருக்கும். நண்பகலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் கலந்த மணல் இது. இந்தக் கறுப்பிலிருந்துதான் வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வேண்டிய தைட்டேனியம் எடுக்கிறார்கள். 1957இல் இதற்கென்றே அரசு கூட்டுத்தாபனம் தொடங்கியது. 1997இல் இக்கடலில் மணல் ஏற்ற வந்த ‘கோர்டியலிற்றி’ கப்பல் தாக்கப்பட்டது.

ஊருக்கு அப்பால் வீதி கொக்கிளாய்க் களப்பில் போய் முட்டுகிறது. எதிர்க்கரையில் முல்லைத்தீவு மாவட்டம், தென்னைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தோணியில் சரித்து ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். இங்கே ஒரு கட்டையும் இல்லை. எண்ணிக்கை திருகோணமலைப் பக்கமிருந்துதான் தொடங்குகிறது. என் பையில் வெங்காயம் மணத்தது. தோணி கிளம்பும் வரை நின்றுவிட்டு, ஐந்து மணிப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.