மகள் காலில் என் மானம்

என் மகளின் வலதுகால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்ததற்கு நான்தான் காரணம். ஷூவின் மீதோ பள்ளிக்கூடத்தின் மீதோ பழியைப் போட்டு நழுவிக்கொள்ள விரும்பவில்லை. "ஷூ கடிக்குதுப்பா" என்று அவள் பல தடவை சொன்னாள். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போடப் போட சரியாயிடும்" என்று நானும் பல தடவை சொன்னேன். ஒரு கட்டத்தில் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். வலி நின்றுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதை விளக்க என் அப்பாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சியை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவர் பண்ணையாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் விளைவித்தவர். ஊர்த்தெருவுக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த தலைமுறை அது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தலித்துகளுக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. எப்படியும் கழற்றத்தானே போகிறோம் என்று அப்பா ஒரு கட்டத்தில் செருப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டார். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் அவருக்குத் தோல் செருப்பு ஒன்று வாங்கிப் போனேன். கால் அதில் நுழையவில்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இன்னொரு விரல் வைக்கும் அளவுக்கு இடைவெளி. ஐந்து விரல்களும் விசிறியாக விரிந்து தரையைத் தனித்தனியே பிடிக்கும் கால். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் வெட்கமும் இருந்தது என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

என் பெண் பிறந்தபோது ஒரு முடிவெடுத்தேன். இவள் கால் மண்ணில் படக்கூடாது. நடக்கத் தொடங்கியதிலிருந்தே ஷூதான். கறுப்பாகப் பளபளக்கும், சோல் கெட்டியாக இருக்கும், முனை குறுகி வரும் ஷூ. கடையில் விலையைக் கேட்டேன், கூடுதல் விலையென்றால் சந்தோஷப்பட்டேன். அவள் காலைத் தொட்டுப் பார்த்து வாங்கியதாக நினைவில்லை.

அவளோ ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. மதில் இருந்தால் ஏறுவாள், பாறை இருந்தால் சறுக்குவாள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்டைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது எங்கள் செஞ்சி மட்டும்தான். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது ஆடுகளம். கல்யாண மகாலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடி, களஞ்சியத்துக்குள் கத்தி எதிரொலி கேட்டு, பிறகு கோட்டையின் ராஜகிரிக் குன்றில் யார் முதலில் ஏறுவது என்று பந்தயம். சுமார் 240 மீட்டர் உயரம். படிகள் ஒரே அளவாக இருக்காது. நூற்றாண்டுகளாகக் கால்கள் பட்டுப்பட்டு வழவழத்துப்போன கருங்கல். கெட்டி சோல் அதில் பிடிக்காது. என் மகள் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுவாள். கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள் வெறுங்காலில் அவளைக் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

அப்படியொரு நாள் மூன்று பையன்கள் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு எங்களைத் தாண்டி ஓடினார்கள். அவர்கள் விரல்கள் கல்லின் விளிம்பைக் கவ்வி விடுவதை நான் பார்த்தேன். மகள் கேட்டாள், "நானும் கழட்டிக்கட்டுமாப்பா?"

"நாம என்ன செருப்பு இல்லாதவங்களா?" என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பாவை ஆயுசுக்கும் குனியவைத்த குரல் என் வாயிலிருந்தே வந்தது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. மகள் ஷூவைக் கழற்றாமல் ஏறினாள். சீழ் வைத்தது அதற்குப் பிறகுதான்.

நகத்தின் ஓரத்தை வெட்டி எடுத்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, மகளை நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். அந்த வடிவத்தைக் கத்தரித்து ஷூவின் அடிப்பாகத்தின் மேல் வைத்தார். சுண்டுவிரல் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் தாள் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நீளம் சரியாகத்தான் இருந்தது. அகலம் இல்லை. இத்தனை காலம் அவள் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்திருக்கின்றன.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் நம் நாட்டிலேயே 4 முதல் 13 வயதுவரையான 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளை எடுத்துப் பார்த்து 1992-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். காலணி போட்டுப் பழகிய பிள்ளைகளில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம். வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் மிக அதிகம். 1995-ல் பெரியவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், ஆறு வயதுக்குமுன் ஷூ போடத் தொடங்கியவர்களிடம் அது கூடுதலாக இருந்திருக்கிறது. தட்டைப்பாதம் எல்லாருக்கும் தொல்லை கொடுக்காது என்பதும் உண்மைதான். ஆனால் பாதத்தின் வளைவு உருவாகும் அந்த வயதில்தான் நான் என் பெண்ணுக்கு நடக்க வந்த நாள் முதலாய் ஷூ மாட்டினேன். படித்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

திருந்தப் போனவன் அடுத்த தவறைச் செய்தேன். வெறுங்கால் ஷூ என்று இப்போது உலகமெங்கும் விற்கிறார்கள். சோல் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். முனை அகன்றிருக்கும். கையால் சுருட்டினால் சுருளும், முறுக்கினால் முறுகும். நல்ல யோசனைதான். வெளிநாட்டு ஜோடி ஒன்றை 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வரவழைத்தேன். அவள் விரல்களுக்கு விடுதலை கிடைத்தது, எனக்குக் காவல் வேலை வந்தது. பாறையில் தேய்க்காதே, சைக்கிளைக் காலால் நிறுத்தாதே, சேற்றில் இறங்காதே. ஓடுவதற்காக வாங்கிய ஷூவைப் போட்டுவிட்டு ஓடாதே என்றேன். அவள் அதை வெங்கடரமணர் கோயில் மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒளித்துவைத்து விளையாடிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது மாட்டிக்கொண்டு வந்தாள். புத்தம் புதிதாக இருக்கிறதே என்று அவளைப் பாராட்டினேன். பிறகு உண்மை தெரிந்தபோது கோபம் அவள்மேல்தான் வந்தது. முதல் ஷூவில் என் மானம், இரண்டாவதில் என் பணம். இரண்டிலும் அவள் கால் கடைசியில்தான் நின்றது.

காலணி எப்படி உழைக்கிறது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர். அந்த ஷூவைக் கையில் வாங்கியதும் மடக்கிப் பார்த்தார். "இது ஒட்டு சார், செஞ்சி வெயிலுக்கு விட்டுடும். சுத்தித் தையல் போட்டுட்டா நிக்கும்" என்றார். பிள்ளைகள் ஷூவில் முதலில் போவது முனை என்றும் காட்டினார். குந்தி உட்கார்வதும், தவழ்ந்து ஏறுவதும், காலால் பிரேக் போடுவதும் எல்லாம் அங்கேதான் தேய்க்கும். ஆகவே அடி ரப்பர் முனையில் மேலேறி மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நுரை சோல் லேசாக இருக்கும், பாறையில் சீக்கிரம் கரையும். ரப்பர் தாங்கும். பாலியூரித்தேன் சோல் உள்ள ஷூவை அடுத்த வருஷத்துக்கு என்று வாங்கிவைத்தால் நம் ஈரக்காற்றில் அலமாரியிலேயே உதிர ஆரம்பித்துவிடும். துவைத்தால் நிழலில்தான் காயவைக்க வேண்டும். டயர் செருப்பு இவை எல்லாவற்றையும்விட உழைக்கும், ஆனால் வளையாது, பிள்ளைகளுக்கு ஆகாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. மெல்லிய சோல் சீமைக்கருவேல முள்ளைத் தடுக்காது. சித்திரை வெயிலில் பாறைச் சூட்டையும் அப்படியே உள்ளே விடும். அதற்காக முழுக்க வெறுங்காலில் விடலாம் என்றும் சொல்லமாட்டேன். அசுத்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறுகிறது. என் அப்பா காலத்தில் வெறுங்கால் யாருடைய விருப்பமும் அல்ல. இன்று அதை இயற்கை வாழ்வு என்று பெருமையாகப் பேசும்போதெல்லாம் அந்தக் கக்கத்துச் செருப்பு எனக்கு நினைவு வருகிறது. கழற்றவும் போடவும் என் மகளுக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இப்போது அவள் போடுவது முனை அகன்ற சாதாரணக் கான்வாஸ் ஷூ. சோல் தட்டை, மெல்லிய ரப்பர். வாங்கிய அன்றே பெரியவரிடம் கொடுத்து ஓரத்தையல் போட்டாயிற்று. கடைக்குச் சாயங்காலம்தான் போகிறோம், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் அவளை நிற்கவைக்கிறேன். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம், பக்கங்களில் எதுவும் பிதுங்கக்கூடாது. இந்த வயதில் பாதம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் அந்த ஷூ ஒரு வருஷம் தாங்கினாலே போதும். அதற்குள் கிழிந்தால் கிழியட்டும். சில மாதத்துக்கொருமுறை அவள் காலை என் மடியில் வைத்துத் தடவிப் பார்க்கிறேன். கடிக்குது என்று அவள் சொன்னால் அன்றே கழற்றிவிடுகிறோம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்பா இன்று இல்லை. ராஜகிரிப் படியில் திரும்பிப் பார்த்த அந்த மூன்று பையன்களிடம் கேட்கத்தான் வழி தெரியவில்லை. அவர்கள் எந்தத் தெரு, என்ன பெயர் என்றுகூட நான் அன்று கேட்கவில்லை.