முப்பதுக்கு நாற்பது

போன மாதம் தங்கை மகன் வந்திருந்தான். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடப்போகிறானாம். "மாமா, மூணு பெட்ரூம்ல ஒண்ணு வாங்கவா, ஒத்த பெட்ரூம்ல ரெண்டு வாங்கவா? ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பணம்தான் ஆகுது" என்றான். இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் அலைந்திருக்கிறேன்.

பெங்களூரில் சைட் என்றாலே அளவைச் சொல்லித்தான் பேசுவோம். 1976-இல் வந்த பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) 20-க்கு 30, 30-க்கு 40, 40-க்கு 60, 50-க்கு 80 என்று மனை பிரித்துக் கொடுத்து, அந்த எண்களையே ஊர்ப் பேச்சாக்கிவிட்டது. 40-க்கு 60 என்றால் 2,400 சதுர அடி, சென்னைக்காரர்கள் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. 30-க்கு 40 அதில் பாதி.

1986-இல் என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர் 40-க்கு 60 வாங்கினார். "மண்ணு வளரும், முடிஞ்ச வரைக்கும் பெருசா வாங்கிப் போடு" என்றார். எனக்கும் அந்த ஆசைதான். சைட் பார்க்க மனைவியைக் கூட்டிப்போனேன். சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுத்து, மூலைக்கொரு கல் நட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்மண்ணில் அடி வைத்து நடந்தாள். "இங்க அடுப்படி, இங்க மாடிப்படி" என்று கை காட்டியவள், திரும்பி நின்று, "இவ்வளவு பெருசா வாங்கிட்டா கட்டுறதுக்குக் காசு ஏதுங்க?" என்றாள்.

30-க்கு 40 வாங்கினோம். கீழே ஒரு வீடு கட்டிக் குடிபோனோம். ஆறு வருடம் கழித்து மாடியில் ஒன்று. அந்த வாடகைதான் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ்.

நண்பரின் சைட் புல் மண்டிக் கிடந்தது. மதிப்பு என்னுடையதைவிட வேகமாக ஏறியது என்பது உண்மை. நான் பொறாமைப்பட்டதும் உண்மை. மகள் கல்யாணம் வந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது அந்த மதிப்பில் கால்வாசிதான். ஒரு மூலையை மட்டும் யார் வாங்குவார்கள்? இரண்டு பக்கத்துக்கும் தெரு கிடைக்கும்படி நடுவில் வெட்டினால் 20-க்கு 60 என்று ஒல்லியான இரண்டு துண்டு. அதையும் அனுமதியில்லாமல் பிரிக்க முடியாது. முழுசாக வாங்கும் வசதி அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இல்லை. வந்தவர்கள் எல்லாம் பில்டர்கள். அவசரத்தில் விற்கிறவன் முகத்தை வாங்குகிறவன் படித்துவிடுவான். கல்யாணத் தேதி நெருங்க நெருங்க விலை இறங்கியது. பத்திரப்பதிவு அன்று அவரோடு நானும் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெகுநேரம் அவர் பேசவே இல்லை.

அதற்காகச் சின்னதே நல்லது என்று சொல்லமாட்டேன். 20-க்கு 30-இல் மாடிப்படியே ஒரு அறையைத் தின்றுவிடும். கார் தெருவில்தான் நிற்கும். ஊருக்கு வெளியே கால் குண்டா, அரைக் குண்டா என்று விற்பதைப் பார்த்தாலே எனக்குப் பதைப்பாக இருக்கிறது. ஒரு குண்டா 1,089 சதுர அடி. 40 குண்டா ஒரு ஏக்கர். விவசாய நிலத்தை முறையாக மாற்றாமல் துண்டு போட்ட சைட்டுக்குக் கையில் வருவது பெரும்பாலும் பி காத்தா, அதாவது முறையான அங்கீகாரம் இல்லாத சொத்துப் பதிவு. அதை வைத்துக்கொண்டு லோனுக்கு எத்தனை பேங்க் படியேறினாலும் கஷ்டம். மலிவாகக் கிடைத்த அளவுக்கு, விற்கும்போது ஆளும் குறைவு.

ஃபிளாட்டில் அளவே வேறு கதை. 1,500 சதுர அடி என்பார்கள். லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாம் கழித்துப் பார்த்தால் நாம் பாய் விரிக்கிற இடம் வெகுவாகக் குறைந்திருக்கும். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமான ரெரா, அந்தப் பாய் விரிக்கிற இடத்தை, அதாவது கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்கவேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்கு, நிலத்தில் உன் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் பத்திரத்தில் பார் என்றேன்.

மூன்று பெட்ரூமுக்கு ஒத்த பெட்ரூமைப்போல மூன்று மடங்கு வாடகை வராது. ஆள் காலி செய்தால் மொத்த வாடகையும் நிற்கும். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள குடும்பம் வந்தால் வருடக்கணக்கில் அசையாது. ஒத்த பெட்ரூமுக்குக் கல்யாணமாகாத பையன்கள் வருவார்கள், வேலை மாறினால் போவார்கள். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கையில் ரொக்கம்.

"உனக்குப் பணம் மொத்தமா ஒரே தடவை வேணுமா, ரெண்டு தடவையா வேணுமா?" என்று கேட்டேன். காபி டம்ளரை வைத்துவிட்டு யோசித்தான். பெரியவனுக்குக் காலேஜ் இன்னும் ஒன்பது வருடத்தில், சின்னவளுக்குப் பதிமூன்று. பில்டர் கொடுத்த பிளானைத் திருப்பி, பின்பக்கம் 9, 13 என்று எழுதிக்கொண்டான்.