திரை பொய் சொல்லுமா?

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். சி.என்.சி. லேபில் அந்தப் பழமொழியைப் பாதியோடு நிறுத்தினால் கட்டர் உடையும்!

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்காக ஓர் அலுமினிய ஜாப்பில் 10 மி.மீ. ஆரமுள்ள வட்டம் வெட்ட வேண்டியிருந்தது. புரோகிராமை ஏற்றினோம். திரையில் வந்ததோ ஜாப்பைத் தாண்டி எங்கேயோ போகும் ராட்சச வட்டம்!

"டிஸ்ப்ளேதான்டா தகராறு, ஸ்டார்ட்டை அழுத்து" என்றான் நண்பன். படத்தை அழித்து மறுபடி வரைய வைத்தோம். அதே வட்டம்.

லேப் சார் வந்தார். "படத்தை விடுங்கப்பா, வரியைப் படிங்க" என்றார்.

டூல் நின்ற இடம் எக்ஸ் 50, ஒய் 20. ஜி 02 வரியில் ஐ 0, ஜே 10. நின்ற இடத்திலிருந்து எண்ணினால் மையம் எக்ஸ் 50, ஒய் 30, ஆரம் 10. ஜாப்பின் பூஜ்யப் புள்ளியிலிருந்து எண்ணினால் மையம் எக்ஸ் 0, ஒய் 10; ஆரம் ஏறக்குறைய 51! கன்ட்ரோல் சாஃப்ட்வேர் இரண்டாவது கணக்கில் இருந்தது. புரோகிராமின் தலையில் ஜி 91.1 சேர்த்தோம். வட்டம் சமர்த்தாக ஜாப்புக்குள் அடங்கியது.

திரை பொய் சொல்லவில்லை, எச்சரித்தது! படம் வரைவதும் மோட்டாரை ஓட்டுவதும் ஒரே கணக்குதான். அன்று ஸ்டார்ட்டை அழுத்தியிருந்தால் கட்டர் ஜாப்பைக் குறுக்கே கிழித்து வைஸில் மோதியிருக்கும்.

ஜூனியர் நண்பர்களே! படம் 25.4 மடங்கு பெருத்தாலோ சிறுத்தாலோ ஜி 20, ஜி 21 பாருங்கள். வட்டம் செங்குத்தாக நின்றால் ஜி 17, ஜி 18, ஜி 19 பாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகமா? இசட்டை உயர்த்திக் காற்றில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டன் எங்கேயும் ஓடிப் போகாது!