பஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-ல் தொடங்கிய பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். கடைவீதிக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் எண்ணிக்கைதான், ஒரு பெயர்கூடக் கிடையாது.

என் கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் புறப்பட்டு முதலில் அங்கேதான் போய் நின்றேன். "எம் மாமனாரு பஸ்ராவுல துப்பாக்கி புடிச்சவரு" என்பாள் ஆயா. அதற்கு முன்னால் அவர் ஆம்பூர்த் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துப் போனாரோ அதே தெருவில் பூட்ஸ் போட்டு நடந்தாராம். இதற்கெல்லாம் ஆவணம் இருக்காது. நான் நம்புகிறேன்.

இப்படித் தேடுவதில் பஞ்சாபிகளுக்குக் கொடுப்பினை உண்டு. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து 3,20,000 வீரர்களின் விவரங்கள் 2021 முதல் வெளிவரத் தொடங்கின. ஊர் பெயரைச் சொல்லித் தேடலாம். நம் பக்கத்து ஆளுக்கு அப்படி எதுவும் என் கையில் சிக்கவில்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், அந்தப் போரில் செத்தவர்களுக்கு எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பற்றிப் படித்தபோது மனம் விட்டுப்போயிற்று. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும். இந்தப் பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் மன்னிப்புக் கேட்டது. செத்தவனுக்கே இந்தக் கதி என்றால், உயிரோடு ஊர் திரும்பியவனை யார் எழுதி வைப்பார்கள்?

துப்பு கிடைத்தது ஆயாவின் தகரப் பெட்டியில். அதில் ஒரு பதக்கம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறு பக்கம் குதிரைமேல் ஒருவன், 1914, 1918 என்ற ஆண்டுகள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்று அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது. சங்கடம் அதன் உலோகத்தில். சிப்பாய்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது வெண்கலம். வெண்கலப் பதக்கம் பெரும்பாலும் தொழிலாளர் படை ஆட்களுக்குப் போனது. லென்ஸ் வைத்து விளிம்பைப் பார்த்தேன். ஓர் எண், பாதி தேய்ந்த பெயர், அதையடுத்து 'லேபர் கோர்', அதாவது அந்தத் தொழிலாளர் படை. வெள்ளியாக இருந்திருந்தால் எப்போதோ அடகுக்கடைக்குப் போயிருக்கும். மலிவானது என்பதால்தான் மிஞ்சியது.

ஆக, துப்பாக்கி இல்லை. மண்வெட்டியும் மூட்டையும்தான்.

1914 நவம்பரில் ஆங்கிலேயர் பஸ்ராவைப் பிடித்தார்கள். ஆனால் அங்கே பெரிய கப்பல் அணைய ஒழுங்கான துறையில்லை. சரக்கோடு வந்த கப்பல்கள் இறக்க வழியின்றி ஆற்றிலேயே காத்துக் கிடந்தன. மாகில் என்ற இடத்தில் துறைமேடை கட்டவும், சேற்றில் சாலை போடவும், தண்டவாளம் பதிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்ததற்கு இந்த வேலையும் காரணம். இந்தியப் படையில் இப்படி ஆயுதம் ஏந்தாமல் உழைத்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்கிறார் வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா. நம் ஆள் கையில் துப்பாக்கி வராததற்குப் பின்கதை உண்டு. சென்னைக்காரனுக்குச் சண்டை வராது என்று, சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு போன்றவர்கள் 1880-களிலிருந்தே சொல்லிச் சொல்லி நம் பட்டாளங்களைக் குறைத்திருந்தார்கள். 1803-ல் அசாயே போரில் ஆங்கிலேயத் தளபதி வெல்லஸ்லிக்கு வெற்றி தேடித் தந்ததில் இதே சென்னைப் பட்டாளங்களுக்குப் பெரும் பங்குண்டு. அது அவர்களுக்கு மறந்துவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. பட்டாள பூட்ஸ் மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தின் 'கிப்ஸ்' எனப்பட்ட பதனிட்ட மாட்டுத்தோல் வியாபாரத்தை 1916-ல் அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் கப்பலேறியது, அதைப் பதனிட்ட ஆளும் ஏறினார்.

அப்பாவுக்கு என் கண்டுபிடிப்பு பிடிக்கவில்லை. "துப்பாக்கியாவே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெசபடோமியா வெயிலில் மூட்டை சுமந்தது சண்டை போட்டதைவிடக் குறைந்த காரியமில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இன்னும் பல வீடுகளில் இப்படிப் பதக்கங்கள் கிடக்கக்கூடும். உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் படித்து, முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.