நொறுக்குத் தீனிக் கணக்கு



ஸாருக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவருடைய அண்ணன் இதே நோயால் கால் விரலை இழந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் சோற்றைக் குறைத்துக்கொண்டார். ஆனால் நாலு மணிக் காப்பியோடு மொறுமொறுவென்று கடிக்க ஏதாவது வேண்டும். நீங்களும் பாசமாக, "கேழ்வரகு முறுக்குதான் டீச்சர், ஸார் சாப்பிடலாம்" என்று வாங்கி வருகிறீர்கள். எனவே ஒரு சின்னக் கணக்கு.

30 கிராமில் உள்ள மாவுச்சத்து, ஏறக்குறைய:

வறுத்த வேர்க்கடலை: 5 கிராம்
தேங்காய்ச் சில்லு: 5 கிராம்
பாதாம்: 6 கிராம்
பொட்டுக்கடலை: 17 கிராம்
மக்கானா என்னும் தாமரை விதை: 23 கிராம்
பொரி: 26 கிராம்

முதல் மூன்றிலும் உள்ளதில் பாதி நார்ச்சத்து. அது சர்க்கரையை ஏற்றாது. பொட்டுக்கடலையில் புரதம் நிறைய உண்டு. ஆனாலும் ஒரு பிடியோடு நிறுத்த வேண்டும். பொரி எடை குறைவு. 30 கிராம் என்றால் பெரிய கிண்ணம் நிறைய வரும். டி.வி. பார்த்தபடி கொறித்தால் அந்தக் கிண்ணம் காலியாவதே தெரியாது.

இனி முறுக்கு. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேழ்வரகில் 70 கிராமை ஒட்டி இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நாரும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரைக் கணக்கில் அது அரிசிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். பாக்கெட்டில் "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்டிருந்தாலும் மாவு மாவுதான். பின்பக்கம் கார்போஹைட்ரேட் என்ற வரியைப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் மதிப்பெண் வேர்க்கடலைக்கு. விலையும் பாதாமைவிட மிகக் குறைவு. ஓட்டோடு வறுத்ததாக வாங்கினால் இன்னும் நல்லது. உரித்து உரித்துத் தின்பதால் கை தானாக நிதானப்படும். 30 கிராம் கடலையில் 170 கலோரி இருப்பதால் அளவு முக்கியம். உப்புக் கடலை வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறோ கடலை ஒவ்வாமையோ உள்ளவர்களும் அப்படியே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்