அவர் பங்குக்கு ஒரு பிடி

என் அப்பாயி பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. மேட்டூர் அணை திறந்த வருஷம் என்பார்கள். அப்படியானால் 1934. லால்குடிப் பக்கம், ஐயன் வாய்க்கால் பாசனத்தில் ஒரு சிற்றூர். வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும் வராததையும் வைத்தே வயதையும் வருஷத்தையும் கணக்குச் சொல்லும் ஊர் அது. அங்கிருந்து பதினேழு வயதில், 1951-ல், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்தாள். தெற்கு ரயில்வே உருவானதும் அந்த வருஷம்தான். தாத்தா அப்போது பட்டறையில் பாய்லர் பிரிவில் சேர்ந்திருந்தார்.

தாத்தாவின் குடும்பமும் பொன்மலைக்கு வந்தேறிய குடும்பம்தான். அந்த நாள் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ல் அது பொன்மலைக்கு மாறியபோது, எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரையை விட்டு இந்தப் பாறைக்காட்டுக்கு வந்து சேர்ந்தன. தாத்தாவின் அப்பாவும் அப்படி வந்தவர். மாமியாருக்குக் கடைசிவரை நாகைக் கடலின் நினைப்புப் போகவில்லை. வாய்க்கால் கெண்டையும் கெளுத்தியும் தவிர வேறு மீன் அறியாத அப்பாயி, அந்த மாமியாருக்காக நாகைப் பக்குவத்தில் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். மாமியார் போன பிறகும் அந்தப் பக்குவத்தை அவள் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் மீன் குழம்பு என்றால் அதுதான். நாகையில் வாழ்ந்த யாரும் இப்போது எங்கள் குடும்பத்தில் இல்லை.

பொன்மலையில் பொழுது விடிவது பட்டறைச் சங்கில்தான். சங்கு ஊதுவதற்கு வெகு நேரம் முன்பே அப்பாயி எழுந்துவிடுவாள். முதல் அடுப்பில் உலை, அடுத்ததில் குழம்பு. தாத்தா குளித்து வரும்போது நீல நிற வேலைச் சட்டை மடித்த மடிப்போடு கொடியில் கிடக்கும். அந்தச் சட்டையின் எண்ணெய்க் கறையை 501 சோப்புப் போட்டுக் கல்லில் அடித்தடித்து அவள் உள்ளங்கை காய்த்திருந்தது. தூக்கில் சோறு, மேல் தட்டில் கறி. அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி அனுப்பி வைத்தவள், பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. ஆனாலும் அங்கே எந்தப் பிரிவில் என்ன வேலை நடக்கிறது, யாருக்கு இரவு முறை, யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பொன்மலைப் பெண்கள் எல்லாருக்குமே தெரியும்.

அப்பாயியின் வாயில் அதிகம் வந்த சொல் 'பங்கு'. அரிசியை ஆழாக்கில் அளக்க மாட்டாள். கையால் அள்ளிப் போட்டுக்கொண்டே, "இது அவங்க பங்கு, இது பெரியவன் பங்கு, இது சின்னவ பங்கு" என்று ஒவ்வொருவராகச் சொல்லுவாள். கடைசியாக ஒரு பிடி. அதற்கு மட்டும் பேர் சொல்ல மாட்டாள். எதிர்பாராமல் வருகிறவருக்கு அது. யாருக்குத் தாமதமானாலும் அவர் பங்கு மூடி போட்டுத் தனியே இருக்கும். இரவு முறை முடிந்து தாத்தா எந்த நேரத்துக்கு வந்தாலும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிடுவாள். பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தின்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. "தனியா உக்காந்து தின்னா சோறு ஒட்டாது" என்பாள்.

1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மே 8-ல் தொடங்கி 27 வரை நடந்தது. நாடு முழுக்கப் பதினேழு லட்சம் பேர் கலந்துகொண்டதாகச் சொல்வார்கள். பொன்மலையில் அது அக்னி நட்சத்திர வெயிலோடு சேர்ந்து வந்தது. ஊரெங்கும் கைது பற்றிய பேச்சு. தாத்தா இரவுகளில் வீட்டில் தங்கவில்லை. எங்கே இருக்கிறார் என்பதும் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்கு ஒரு பழைய பயமும் இருந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்ததை மாமனார் வாயால் கேட்டுக் கேட்டு வளர்ந்த வீடு அது.

சம்பளம் வராத மாதம். அரிசிப் பானையில் அடி தெரிந்தது. பிள்ளைகள் நான்கு பேர். அப்படியிருந்தும் தினமும் மாலையில் அப்பாயி உலையில் முதலில் போட்டது தாத்தாவின் பங்கைத்தான். "அவருதான் வரலியே, எதுக்கும்மா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "வந்துட்டா?" என்று மட்டும் சொன்னாளாம். அந்தச் சோறு ராத்திரி முழுக்க மூடி இருக்கும். விடிந்ததும் தண்ணீர் ஊற்றி, மோர் விட்டு, வெங்காயத்தோடு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பாள். சாயங்காலம் மறுபடியும் அவர் பங்குக்கு ஒரு பிடி. இப்படி ஒரு நாளும் தவறவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து தாத்தா திரும்பிய இரவில் எந்தப் பரபரப்பும் இல்லையாம். மூடியை எடுத்துத் தட்டை வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தித்தான் மேலே பேசுவார்.

எனக்கு நினைவு தெரிந்த அப்பாயி, பொன்மலைச் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அப்பாயி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை. சுற்று ஊர்களிலிருந்து கத்தரி, அவரை, முருங்கை, கீரைக் கட்டு, வாழைத்தார், கூடைக்குள் கால் கட்டிய நாட்டுக்கோழி எல்லாம் வந்து இறங்கும். அப்பாயி பேரம் பேசிக் கேட்டதே இல்லை. வேலைநிறுத்த மாதத்தில் காசு கேட்காமல் காய் கொடுத்த ஒரு கத்தரிக்காய்க்காரர் இருந்தார். கடனை முதல் சம்பளத்திலேயே அடைத்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் கத்தரிக்காய் வாங்கியதில்லை. அவர் மகன் கடை போட்ட காலத்திலும் அங்கேதான். ஒருவர் செய்ததை மறக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்தக் கூடைக்கு முன்னால் அவளோடு உட்கார்ந்தே தெரிந்துகொண்டேன்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அன்று முதல் 28 நாள் மாரியம்மனுக்குப் பச்சைப் பட்டினி. பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். மற்ற கோயில்களில் நாம் சாமிக்கு விரதம் இருக்கிறோம், இங்கே சாமி நமக்கு இருக்கிறது என்று அப்பாயி பெருமையாகச் சொல்லுவாள். வீட்டில் துள்ளுமாவு இடித்துப் படைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு உருண்டை தருவாள். வெளியூரில் இருக்கும் பேரனுக்கும் பேத்திக்கும் உள்ள உருண்டைகள் தனியே ஒரு டப்பாவில் போகும். கெட்டுப்போவதற்குள் எப்படியாவது யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிடுவாள்.

தாத்தா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து செந்தண்ணீர்புரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் சங்கு கேட்கும். போக வேண்டிய வேலை இல்லாதபோதும் தாத்தா சங்குக்கு முன்னால் எழுந்துவிடுவார், அப்பாயி அவருக்கு முன்னால். வயது ஏற ஏற அவருக்குக் காது மந்தமானது. நாங்கள் எல்லாரும் கத்தினோம். அப்பாயி ஒருநாளும் கத்தியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசுவாள். அவருக்கு ஒரு சொல்லும் தப்பாது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்றாலும் தினமும் செய்தித்தாளை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினாள்.

2011-ல் நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பட்டறையில் புதிதாக ஒரு நீராவி இஞ்சின் செய்தார்கள். தாத்தா அப்போது இல்லை. அந்த இஞ்சினின் படத்தை அப்பாயியிடம் காட்டினேன். கண்ணுக்கு மிக அருகில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். இஞ்சினை அவள் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சங்கு ஊதற நேரத்துல எடுத்த படம் போல இருக்கு கண்ணு. எல்லாரும் பசியோட நிக்கிறாங்க" என்றாள். அடுத்த ஆண்டு, மழைக்கு முன்னால், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பொன்மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இஞ்சின்களைச் சொல்கிறார்கள், சங்கத்தைச் சொல்கிறார்கள், போராட்டங்களைச் சொல்கிறார்கள். எல்லாம் சொல்ல வேண்டியவைதான். அங்கே இஞ்சினுக்கு எண் உண்டு, தொழிலாளிக்கும் எண் உண்டு. விடியுமுன் எழுந்து அவர்களை அனுப்பி, இரவில் விழித்திருந்து வரவேற்ற பெண்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் எண் கிடையாது. அவர்கள் ஒரு வாரம் படுத்திருந்தால் அந்தப் பட்டறை ஓடியிருக்காது. என் அப்பாயி அவர்களில் ஒருத்தி. அவளைப் பற்றி எழுதும்போது அவர்கள் எல்லாரையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இன்று எங்கள் வீடுகளில் சோற்றுக்குக் குறைவில்லை. வேளைக்கு மிஞ்சியே கிடக்கிறது. பசித்தவர் எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொள்கிறோம். ஆனால் யார் பங்கு என்று எதுவும் தனியாக இல்லை. நான் ஏங்குவது அதற்குத்தான். ஒரு வீட்டில் என் பேர் சொல்லி ஒரு பிடி அரிசி உலையில் விழுந்தது, நான் வரும்வரை ஒருத்தி சாப்பிடாமல் விழித்திருந்தாள் என்கிற உறுதியோடு வளர்ந்தவன் நான். என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான், திரும்ப நேரமாகிறது. காத்திருக்க வேண்டாம் என்றுதான் அவனும் சொல்கிறான். நான் காத்திருக்கிறேன். அவனோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.